முன்னிருக்கைக்காரரின் கைப்பேசி வெளிச்சம்: எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது?

கேள்வி: பீளமேடு வாசகி

வணக்கம். சென்ற சனிக்கிழமை இரவுக் காட்சிக்கு என் தந்தையை அழைத்துக்கொண்டு கோவையில் உள்ள ஒரு பல்திரை அரங்கிற்குச் சென்றிருந்தேன். அப்பாவுக்கு 71 வயது. வலது கண்ணில் புரை நீக்கி ஐந்து வாரங்கள்தான் ஆகின்றன. கண் தெளிந்துவிட்டதே, பெரிய திரையில் ஒரு படம் பார்க்கலாமே என்று அவரே வாய்விட்டுக் கேட்டதால்தான் கிளம்பினோம். அவர் திரையரங்குப் படியேறி ஆறேழு ஆண்டுகள் இருக்கும்.

எங்களுக்கு நேர் முன்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குடும்பத்துடன் அமர்ந்திருந்தார். படம் தொடங்கியது முதல் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை கைப்பேசியை எடுத்து வாட்ஸப்பைத் திறந்துகொண்டே இருந்தார். மிகையாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்திற்கு இருநூறு பேர் வருகிறார்கள், காலையில் வெண்பொங்கலும் கேசரியும், மதியத்திற்கு எத்தனை வகைப் பொரியல் என்பதில் சமையல்காரருக்கும் அவருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை என்பது வரை எனக்குத் தெரிந்துவிட்டது. படத்தில் கதாநாயகியின் அண்ணன் ஏன் ஊரைவிட்டுப் போனான் என்பதுதான் தெரியவில்லை.

நாற்பது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முன்னால் குனிந்து, "தம்பி, ஃபோனைக் கொஞ்சம் அணைச்சிடுங்க" என்றேன். அவர் திரும்பாமலேயே, "நீங்க படத்தைப் பாருங்க மேடம், என் ஃபோனை ஏன் பார்க்கறீங்க?" என்றார். பக்கத்து வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா என் கையைப் பிடித்து, "விடும்மா, பரவால்ல" என்றார். அந்தப் "பரவால்ல"தான் வீடு வந்து சேர்ந்த பிறகும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இத்தகைய சூழலில் எப்படிப் பேசுவது முறை? அரங்க நிர்வாகத்திற்கு இதில் பொறுப்பு உண்டா? சிறைச்சாலைகளில் வைப்பது போல அலைவரிசையைத் தடுக்கும் ஜாமரைத் திரையரங்குகளிலும் வைத்துவிட்டால் என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: பழைய ஆப்பரேட்டர்

அம்மா, நான் 1984இல் கார்பன் குச்சி எரியும் புரொஜெக்டரில் தொடங்கி, மதுரைப் பக்கம் இரண்டு அரங்குகளில் ஆப்பரேட்டராகவும் கடைசிப் பத்தாண்டுகள் மேலாளராகவும் இருந்தவன். அந்த இளைஞர் உங்களிடம் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பலரும் கேட்கும் கேள்வி அது, வாயடைத்துப் போகிறவர்களும் பலர்.

இருட்டில் ஒரு வெளிச்சம் தோன்றினால் கண் அதன் பக்கம் போகாமல் இருக்காது. பார்ப்பதும் பாராததும் நம் விருப்பத்தில் இல்லை. டிஜிட்டல் திரையிடலுக்கான தர அளவின்படி, திரையின் நடுவே மிக வெண்மையான இடத்தில்கூட ஒளியளவு 48 நிட் இருந்தால் போதும் (நிட் என்பது திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு). முப்பரிமாணப் படமென்றால் கண்ணாடி வழியாக வந்து சேருவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. இன்றைய சாதாரணக் கைப்பேசியோ முழு வெளிச்சத்தில் 500 நிட்டுக்குக் குறையாது. அதாவது, நாற்பது அடித் திரையைக் காட்டிலும் பத்து மடங்கு கூசும் ஒரு சின்ன விளக்கை அவர் உங்கள் முழங்காலுக்கு முன்னால் ஏற்றி வைத்திருந்தார். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். பழகியது கெட்டுப்போவதற்குச் சில நொடிகள் போதும். மதியக் காட்சிக்கு வெயிலிலிருந்து உள்ளே நுழைந்து, படி தெரியாமல் யார் மடியிலாவது உட்காரப் போன அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். அதை அரைகுறையாக ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அவர் உங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் யாரும் கவனிப்பதில்லை. பழைய கொட்டகைகளில் தரை லேசான சரிவுதான். முன்னால் இருப்பவருடைய மடி அவர் இருக்கையின் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். பின்னால் இருப்பவர்களுக்குத் தொல்லையெல்லாம் தலையும் கொண்டைப் பூவும்தான். இப்போதைய அரங்குகளில் தலை மறைக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு வரிசையையும் படி போல உயர்த்திக் கட்டுகிறார்கள். தலை மறைக்கவில்லை, உண்மைதான். ஆனால் முன்வரிசைக்காரரின் மடி மேலிருந்து பார்க்கிற அத்தனை பேருக்கும் திறந்து கிடக்கிறது. மடியில் தாழ்த்தி வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று அவர் மெய்யாகவே நம்பியிருக்கக்கூடும்.

நிர்வாகத்தின் பொறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் காலத்தில் ஒவ்வொரு வகுப்பிற்கும் டார்ச் லைட்டுடன் ஓர் ஆள் நிற்பார். இடம் காட்டுவது அவர் வேலையில் பாதி; மீதி, பீடி பற்ற வைப்பவனையும் முன் இருக்கையில் கால் போடுபவனையும் கவனிப்பது. அதற்கொரு பக்குவம் உண்டு. முகத்தில் டார்ச் அடித்தால் சண்டை வரும். காலடியில் அடித்து, இரண்டு நொடி அசைக்காமல் வைத்துவிட்டு அணைத்துவிட வேண்டும், வாயைத் திறக்கவே கூடாது. பத்தில் ஒன்பது பேர் தாமாகவே அடங்கிவிடுவார்கள். இன்று டிக்கெட்டே கைப்பேசியில் இருக்கிறது; இருக்கை எண்ணைத் தேடுவது கைப்பேசி டார்ச்சில்; சில அரங்குகளில் பாப்கார்ன் வாங்குவதற்கான கியூஆர் கட்டத்தை இருக்கையின் கைப்பிடியிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். கைப்பேசியை எடு என்று ஒரு கையால் அழைத்துவிட்டு, எடுக்காதே என்று திரையில் எழுத்துப் போடுவது எப்படி எடுபடும்? டார்ச்காரரை வீட்டுக்கு அனுப்பியபோதே அந்தக் காவல் வேலையை டிக்கெட் வாங்கியவர் தலையில் கட்டிவிட்டார்கள். நீங்கள் சனிக்கிழமை செய்தது அந்தச் சம்பளமில்லாத வேலைதான்.

அடுத்த முறைக்கு ஒரு யோசனை. "அணைத்துவிடுங்கள்" என்றால் அது கட்டளையாகத்தான் காதில் விழும், அதுவும் மனைவி மக்கள் முன்னால். "வெளிச்சம் அப்பா கண்ணில் அடிக்கிறது, கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா?" என்று ஒரே ஒருமுறை கேளுங்கள். மறுத்தால் இரண்டாம் முறை பேச வேண்டாம். வெளியே போய் வாசலில் நிற்கும் ஊழியரிடம் வரிசை எழுத்தையும் இருக்கை எண்ணையும் சொல்லுங்கள். "முன்னால் ஒருத்தர்" என்றால் அவர் வந்து இருட்டில் தேடித் திரும்பிப் போய்விடுவார். பல இடங்களில் சொன்னால் வருகிறார்கள். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.


பதில் 2: முதல் வரிசை ரசிகன்

ஆப்பரேட்டர் ஐயா சொன்ன விளக்கங்கள் எனக்குப் புதியவை, நன்றி. ஆனாலும் இந்தப் பேச்சு போகிற திசை எனக்கு முழுமையாக உடன்பாடானதல்ல.

நம் ஊரில் திரையரங்கு நூலகமாக இருந்ததே இல்லை. டூரிங் கொட்டகையில் மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்தவர்களையும், அவர்களை "டேய், மறைக்குது" என்று பின்னாலிருந்து இழுத்தவர்களையும் பற்றித் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. இடைவேளைக்கு இடைவேளை முறுக்கு, கடலை, கூச்சல். என் பாட்டி படம் ஓடும்போதே வில்லனைச் சபிப்பார், அடுத்து வரப்போவதைப் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லியும் விடுவார். அதை யாரும் ஒழுக்கக் குறைவாகக் கருதவில்லை. முதல் நாள் முதல் காட்சியில் விசில், காகிதத் துண்டுகள், பாட்டுக்கு எழுந்து ஆடுவது, இசைக்கு ஏற்பக் கைப்பேசி டார்ச்சை அசைப்பது ஆகியவற்றுக்காகத்தான் நாங்கள் போகிறோம். 2023க்குப் பிறகு அதிகாலைக் காட்சிகளுக்கு அரசு அனுமதி தராததால் ஒன்பது மணிக் காட்சிதான் எங்களுக்கு மிச்சம். அதிலும் அமைதி காக்கச் சொன்னால், வீட்டில் ஓடிடியில் பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

நாயகனின் பெயர் திரையில் வரும் பத்து நொடியையோ அறிமுகக் காட்சியையோ எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பதும் அந்தக் கொண்டாட்டத்தின் தொடர்ச்சிதான். அதனால் தயாரிப்பாளருக்கு இலவச விளம்பரம் கிடைக்கிறதே ஒழிய நட்டம் என்ன? வாசகி அக்காவுக்கு நேர்ந்தது தவறு, அதில் ஐயமில்லை. பொரியல் கணக்குப் போடுவது கொண்டாட்டமும் அல்ல, ரசனையும் அல்ல. ஆனால் அதைச் சாக்கிட்டு எல்லாக் காட்சிகளுக்கும் ஒரே விதியைக் கொண்டுவந்துவிட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.


பதில் 3: பழைய ஆப்பரேட்டர்

தம்பி, விசிலைப் பற்றி உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. கேபினின் சதுரத் துவாரம் வழியாகப் பல ஆண்டுகள் அந்தக் கூட்டத்தைப் பார்த்தவன் நான். முதல் நாளன்று கீழே சத்தம் எழவில்லையென்றால் முதலாளிக்கு முன்னால் எனக்குத்தான் வயிறு கலங்கும். எல்லோரும் சேர்ந்து எழுப்பும் கூச்சல் திரையைப் பார்த்து எழும் கூச்சல். பாட்டி வில்லனைச் சபித்ததும் படத்திற்குள் இருந்துகொண்டுதான். கைப்பேசி வெளிச்சம் அப்படிப்பட்டதல்ல. ஒருவர் படத்தைவிட்டு வெளியே போயிருக்கிறார், உடம்பு மட்டும் நம் முன்னால் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக் காட்சிக்கும் சனிக்கிழமை இரவுக் குடும்பக் காட்சிக்கும் ஒரே விதி வேண்டாம் என்று நீங்கள் சொல்வதையும் ஏற்கிறேன்.

ஆனால் ஸ்டேட்டஸ் விஷயத்தில் உங்களை எச்சரிக்காமல் விட முடியாது. 2023இல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. 1952ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் புதிதாகச் சேர்த்த 6ஏஏ பிரிவு, உரிமம் பெற்ற திரையரங்கில் அனுமதியின்றிப் படத்தையோ அதன் ஒரு பகுதியையோ பிரதி எடுக்கும் நோக்கில் பதிவுக் கருவியைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. முயற்சி செய்வதும் உடந்தையாக இருப்பதும்கூட அதில் அடங்கும். தண்டனை, மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் மூன்று லட்சம் ரூபாயில் தொடங்கி, கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை போகலாம். நம் மாநிலத்திலோ, திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்தின் கீழ் அடைக்க 2004லேயே வழி செய்துவிட்டார்கள். பத்து நொடிக்காக உங்களைப் போன்றவரை உள்ளே தள்ளுவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. "ஒரு பகுதி" என்று எழுதியிருப்பதில் பத்து நொடியும் அடங்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

இதில் அரங்கக்காரனின் வயிற்றெரிச்சலும் ஒன்று உண்டு. டிஜிட்டலில் ஓடும் ஒவ்வொரு காட்சியின் படத்திலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஒரு குறி கலந்திருக்கும். திருட்டுப் பிரதியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தால் எந்த அரங்கு, எந்த நாள், ஏறக்குறைய எந்த நேரம் என்பது வரை தெரிந்துவிடும். எடுத்தவர் எந்த இருக்கையில் இருந்தார் என்பது மட்டும் அதில் இராது. ஆகவே கேள்வி கேட்டு வருகிறவர்கள் முதலில் வந்து நிற்பது மேலாளர் அறையில்தான். நான் மேலாளராக இருந்தபோது, முதல் மூன்று நாட்கள் மட்டும் பின்சுவர் ஓரம் இரண்டு பேரைச் சும்மா நிற்க வைப்பேன். தூக்கிப் பிடித்த கைப்பேசி எங்கே தெரிகிறது என்று பார்ப்பது மட்டுமே அவர்கள் வேலை.


பதில் 4: திருச்சி மருத்துவர்

நான் மகப்பேறு மருத்துவர். கைப்பேசியை முற்றிலும் அணைத்துவிட்டுப் படம் பார்க்கும் உரிமை எனக்கு இல்லை என்பதால், ஜாமர் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

இந்தியாவில் மத்திய அரசின் அனுமதியின்றித் தனியார் ஜாமர் வைத்திருப்பதோ இயக்குவதோ சட்டப்படி குற்றம். திரையரங்குக்கும் திருமண மண்டபத்திற்கும் இதில் விலக்கில்லை. அந்த அனுமதி கிடைத்தாலும் நான் எதிர்ப்பேன். எனக்கு வரவேண்டிய அழைப்பு வராமல் போவதோடு, அரங்கிற்குள் யாராவது மயங்கி விழுந்தால் 108க்கு அழைப்பதற்கும் வழி இருக்காது. இவ்வளவு கேடும் செய்துவிட்டு, வாசகி சொன்ன தொல்லையை அது தீர்க்கவும் செய்யாது. இணைப்பு இல்லாத கைப்பேசியும் எரியத்தான் செய்யும். விளையாட்டும் புகைப்படத் தொகுப்பும் உள்ளேயே இருக்கின்றனவே.

என் வழக்கம் இது. முன்பதிவு செய்யும்போதே நடைபாதை ஓர இருக்கையை, இயன்றால் கடைசி வரிசையில், எடுத்துவிடுவேன். கிளம்புமுன் பிரசவ அறைச் செவிலியரிடம், "செய்தி அனுப்பாதீர்கள், அவசரமென்றால் அழையுங்கள்" என்று சொல்லிவிடுவேன். தொந்தரவு வேண்டாம் என்ற அமைப்பில், குறிப்பிட்ட எண்களின் அழைப்பை மட்டும் விட்டுவைக்கும் வசதி எல்லாக் கைப்பேசிகளிலும் இருக்கிறது. மருத்துவமனையின் இரண்டு எண்களையும் அம்மாவின் எண்ணையும் அதில் சேர்த்திருக்கிறேன். சட்டைப் பையில் அது அதிர்ந்தால் எடுத்துப் பார்ப்பதில்லை. எழுந்து வெளியே போய்த்தான் பார்ப்பேன். "படம் பார்த்துட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று உள்ளே இருந்தபடியே கிசுகிசுப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அந்த ஒரு வரி நான்கு வரிசைக்குக் கேட்கும். கைக்கடிகாரத்தையும் மறக்காதீர்கள். பாப்கார்னுக்குக் கை உயரும்போதெல்லாம் அது தானாக எரியும். இரட்டை முகமூடிப் படம் போட்ட தியேட்டர் மோடு பல ஸ்மார்ட் கடிகாரங்களில் இருக்கிறது.

ஒரு பிரசவத்திற்காக இடைவேளைக்குப் பிறகு எழுந்து ஓடி, அந்தப் படத்தின் முடிவை இன்று வரை நான் பார்க்கவில்லை. அந்தக் குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறது.


பதில் 5: பீளமேடு வாசகி

எல்லோருக்கும் நன்றி. நேற்று மதியக் காட்சிக்கு அப்பாவை மறுபடியும் அழைத்துச் சென்றேன். ஆப்பரேட்டர் ஐயாவின் வாக்கியத்தை வண்டியில் போகும்போதே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல்லூரி மாணவி ஒருத்தி மூன்று இருக்கை தள்ளி ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டதும், "சாரிக்கா" என்று பைக்குள் போட்டுவிட்டாள். இவ்வளவு எளிதா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆனால் நான் இங்கே எழுத வந்தது வேறொன்றை. இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பின்னாலிருந்து ஓர் அம்மாள் என் தோளைத் தொட்டு, "கண்ணு, பெரியவரோட ஃபோனைக் கொஞ்சம் பாருங்க" என்றார். திரும்பினால், அப்பா கைப்பேசியை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணில் சொட்டு மருந்து விடும் நேரம் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கடைசிப் புள்ளி வரை ஏற்றி, தானாகக் குறையும் வசதியையும் அணைத்து வைத்தது நான்தான். கால் மணிக்கு ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது உறைக்கவே இல்லை. சனிக்கிழமையும் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். எழுத்து பெரிதாகவே இருக்கட்டும், வெளிச்சம் மட்டும் அடியோடு குறைய வழி உண்டா?


பதில் 6: திருச்சி மருத்துவர்

உண்டு. ஆண்ட்ராய்டு 12 முதல் "எக்ஸ்ட்ரா டிம்" என்ற பெயரில் வழக்கமான குறைந்த அளவுக்கும் கீழே வெளிச்சத்தை இறக்கும் வசதி இருக்கிறது; ஐஃபோனில் அணுகல் அமைப்புகளுக்குள் வெண்மையைக் குறைக்கும் வசதி அதே வேலையைச் செய்யும். அரங்கிற்குள் நுழையும்போது இயக்கிவிட்டு, வெளியே வந்ததும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள். வெயிலில் திரை ஒன்றுமே தெரியாமல், கண்தான் கெட்டுவிட்டதோ என்று அவர் பயந்துவிடுவார். சொட்டு மருந்துக்கு ஒலியில்லாத அதிர்வு அலாரம் வைத்தால் அவர் எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இராது. நான் கண் மருத்துவர் அல்ல. இருந்தாலும், இடைவேளை வரை சொட்டு மருந்தைத் தள்ளிப்போடலாமா என்று அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விளக்குப் போட்ட பிறகு விடுவதுதான் சுலபமும்கூட. இருட்டில் விட்டால் பாதி கன்னத்தில்தான் வழியும்.